காலையில் மட்டும் கோளாறு

"டாக்டர் வீட்டு வாசல்ல ஏறுனதும் பல்வலி நின்னுபோற மாதிரி, இந்தப் புள்ள பக்கத்துல வந்து நின்னாலே வண்டி ஸ்டார்ட் ஆயிருதுப்பா."

பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஒரு ஜீப்பின் மறுபக்கம் குனிந்திருந்த என் காதில் அது விழுந்தது. பாராட்டா, கேலியா என்று நிமிர்ந்து கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் எங்கள் தொழிலின் மொத்தக் கஷ்டத்தையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஆட்டோமொபைல் படித்துவிட்டு, திண்டுக்கல் பைபாஸ் பக்கத்தில் தாமஸ் அண்ணனின் டீசல் பட்டறையில் வேலை செய்கிறேன். எஞ்சினைப் பிரிப்பது அண்ணன். கோளாறு எங்கே என்று தேடுவது பெரும்பாலும் நான். மார்கழி பிறந்தால் எங்களிடம் வருவதெல்லாம் ஹீட்டர் பிளக் சமாச்சாரம்தான். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்குள் சூடேற்றித் தருகிற விரல் நீளச் சாமான் அது. சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சுருள் வடிவத்தில் ஒரு மஞ்சள் லைட் எரியும். அது அணைந்ததும் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சூடு ஏறவில்லை என்றால் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு வண்டி அப்படியே நிற்கும். எப்படியோ ஒருமுறை கிளம்பிவிட்டால், அன்று முழுக்க அதைப்போல நல்ல வண்டி ஊரிலேயே இருக்காது. பழைய டீசல் வண்டியை வைத்துக்கொண்டு விடிகாலையில் அக்கம்பக்கத்து ஆட்களை எழுப்பியிருக்கும் உங்களுக்கு, இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

நெய்க்காரப்பட்டி ஜீப்

காலையில் வண்டி எழவே மாட்டேன் என்கிறது என்று நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி ஜீப்பில் வந்தார். அங்கிருந்து ஓட்டிக்கொண்டே வந்த எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. மீட்டர் வைத்துப் பார்த்தால் பிளக் எல்லாம் நன்றாகவே இருந்தன. "ராத்திரி இங்கேயே நிக்கட்டும்ங்க. காலையில குளிர்ந்த பிறகு பார்த்தாத்தான் தெரியும்" என்றேன். பால் கறக்கும் மாட்டை அடுத்தவர் தொழுவத்தில் விட்டுவிட்டுப் போகச் சொன்னதுபோல முகம் வாடிப்போனார். கடைசியில் வண்டியோடு அவரும் தங்கிவிட்டார். பின்சீட்டில் போர்வையை விரித்துக்கொண்டு படுத்தார்.

மறுநாள் சீக்கிரமே போய்விட்டேன். தெருமுனையிலேயே ஜீப்பின் சத்தம் கேட்டது. பானட்டைத் தொட்டால் சுடுகிறது. எதைப் பார்க்க ஒரு ராத்திரி காத்திருந்தோமோ, அது போயே போய்விட்டது. அவரோ பெரிய உபகாரம் செய்தவரைப்போலச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க வந்து குளுந்த வண்டியோட மல்லுக்கட்டக் கூடாதுன்னு, டீக்கடை ஆளுகளைக் கூட்டியாந்து தள்ளி, நல்லா சூடு பண்ணி வெச்சிருக்கேனுங்க அம்மணி."

சின்னாளப்பட்டி வேன்

சின்னாளப்பட்டி சேலை வியாபாரி ஒருவர், சுங்குடிச் சேலை மூட்டைகளோடு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய புகார் புதுமாதிரி. மஞ்சள் லைட் பல வருஷமாக எரியாமல் இருந்ததாம். போன வாரம் யாரோ எலக்ட்ரீஷியன், கேட்காமலே அதற்குப் புது பல்ப் போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து லைட் எரிகிறதாம், அது அணையும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறதாம், வியாபாரம் கெடுகிறதாம்.

சோதித்துப் பார்த்தேன். நான்கு பிளக்கில் இரண்டுக்கு உயிரே இல்லை. இத்தனை நாளும் அந்த வேன் அவருடைய அவசரத்துக்குப் பயந்துதான் ஓடியிருக்க வேண்டும். இரண்டையும் மாற்றினேன். லைட் எதற்காக எரிகிறது என்பதை, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ சொல்றதெல்லாம் சரிதான் தாயி. ஆனா லைட்டு எரியாத வரைக்கும் நிம்மதியா இருந்தேன்ல, அந்தப் பீஸ் போன பல்பையே திரும்ப மாட்டிவிட்டுரு."

அகரத்துப் பூ வண்டி

ஜெயமேரி அக்கா பிக்கப் வண்டியோடு வந்தது அது மூன்றாவது தடவை. அகரம் பக்கத்துத் தோட்டங்களில் பறிக்கும் செவ்வந்தியையும் சம்பங்கியையும் விடிவதற்குள் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் சேர்க்கிற வண்டி அது. அவர் வீட்டுக்காரர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். கிணற்றுமேட்டில் வழுக்கி அவருக்குக் கால் முறிந்த பிறகு, எப்போதோ எடுத்து வைத்திருந்த லைசென்ஸோடு அக்கா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த நாளிலிருந்து, காலையில் தள்ளாமல் வண்டி கிளம்புவதில்லை.

முதல் தடவை வந்தபோது பிளக்கை மாற்றினோம். இரண்டாம் தடவை, பிளக்குக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் ரிலேயை மாற்றினோம். இந்தத் தடவை மாற்ற எதுவும் மிச்சமில்லை. பட்டறையில் தொட்டதும் கிளம்பிற்று. ஒரு ராத்திரி நிறுத்திவிட்டுப் போங்கள் என்றால், மறுநாள் பூ யார் வண்டியில் போகும்? ஏற்கெனவே தாமதமாகப் போய்ப் போய் விலை இறங்கிக்கொண்டிருந்தது. அதிகமாகப் பூப் போடும் சூசை மாமா, மறுநாளிலிருந்து தன் கூடையை எதிர்ப்பக்கம் வரும் வேறு வேனில் ஏற்றப்போவதாகச் சொல்லிவிட்டாராம். அவர் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள். வீட்டில் ஒருவர் கட்டிலில் கிடக்கும்போது வண்டியும் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று அக்கா சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஊரே சொல்லுது, பொம்பளக் கை பட்டதுலதான் வண்டி மொரண்டு பண்ணுதுன்னு. நீயும் பொம்பளதான பாப்பா, ஒருநா காலைல நீயாவது வந்து பாரு."

மாதா லைட்

மறுநாள் பனியில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு அகரம் போய்ச் சேர்ந்தேன். வண்டியைச் சுற்றிப் பூக்கூடைகள். சூசை மாமா தள்ளுவதற்கு வசதியாக வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். அவருடைய கூடை மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வேறு வேன் வந்து நிற்கும் இடத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏத்தா, ரெண்டு பொம்பளைக சேந்துட்டீகளா? அப்ப நான் ரெண்டு மடங்குல்ல தள்ளணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பானட்டுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டேன்.

பிளக்குக்குப் போகும் கம்பியில் ஒரு ஒயரைச் சேர்த்து, அதை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, டெஸ்ட் பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிளக்குக்குக் கரண்ட் போகும் நேரமெல்லாம் அந்த பல்ப் எரியும். அக்கா சாவியைத் திருப்பினார். மஞ்சள் லைட் எரிந்தது. என் கையில் பல்ப் எரிந்தது. டாஷ்போர்டின் நடுவில் இருந்த சின்ன மாதா சொரூபத்தைச் சுற்றி நீல லைட்டும் எரிந்தது. மஞ்சள் லைட் அணைந்தது. இப்போது ஸ்டார்ட் செய்வார் என்று பார்த்தால், சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

வீட்டுக்காரரின் காலுக்காக வேண்டிக்கொண்டார். பிள்ளைகளின் பரீட்சைக்காக, பூ விலைக்காக, சூசை மாமாவின் இருமலுக்காகக்கூட வேண்டிக்கொண்டார். இருமலுக்கு வருவதற்கு முன்பே என் கையிலிருந்த பல்ப் அணைந்துவிட்டது. யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் ரிலே கரண்டை நிறுத்திவிடும். அதன் வேலையே அதுதான். அக்கா நிதானமாக எல்லாரையும் ஒப்புக்கொடுத்து முடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தபோது, பிளக் எல்லாம் பழையபடி ஆறிப்போயிருந்தன. வெள்ளைப் புகை வந்தது. வண்டி எழவில்லை.

"நான்தான் சொன்னேன்ல" என்று வெளியே சூசை மாமாவின் குரல் கேட்டது.

ஒருவரிடம் உங்கள் ஜெபம்தான் கோளாறு என்று எப்படிச் சொல்வது? கல்லூரியில் அதற்குப் பாடம் இல்லை. சாவியை ஒருமுறை ஆஃப் செய்து, மறுபடி திருப்பி, மஞ்சள் லைட் அணைந்த உடனே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். கிளம்பிவிட்டது. யாரும் தள்ளவில்லை. அக்கா என்னையே பார்த்தார். "முதல்ல ஜெபத்தை முடிச்சிட்டு அப்புறம் சாவியைத் திருப்புங்கக்கா" என்றேன். "சாவியத் திருப்புனாத்தான மாதா லைட்டு எரியும்? இருட்டுல வச்சு எப்படிக் கும்புடுறது?" என்றார். "மாதா காத்திருப்பாங்கக்கா, ஹீட்டர் பிளக் காத்திருக்காது" என்று என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.  பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரரு கும்புடாமக் கொள்ளாம உருட்டிட்டுப் போயிருவாரு பாப்பா. சண்டாள வண்டிக்கு அதுதான் புடிச்சிருந்துச்சு போல."

தனி சுவிட்ச்

ஆனால் சூசை மாமாவின் கூடை அன்று வேறு வேனில்தான் போயிற்று. ஒருநாள் கிளம்பியதை நம்ப முடியாதாம்; நாளைக்கும் கிளம்பட்டும், பார்க்கலாமாம். பூவை இறக்கிவிட்டு அக்கா நேராகப் பட்டறைக்கு வந்தார். கோளாறு என்னவென்று தாமஸ் அண்ணன் கேட்டார். மெதுவாகச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்குள் இருந்த மாதாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இத மட்டும் எங்க கோயில் ஃபாதர்கிட்ட சொல்லிறாத."

மாதா லைட்டைச் சாவியிலிருந்து பிரித்து, பேட்டரியிலிருந்து தனியாக ஒயர் இழுத்து, டாஷ்போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். நான் செய்த வேலைகளில் வாரண்டி கேட்கப்படாத ஒரே வேலை அதுதான்.

மறுநாள் காலையில், யாரும் கூப்பிடாமலே மறுபடி அகரம் போனேன். அந்த இன்னொரு வேன் அப்போதே வந்து எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தது. சூசை மாமாவின் கூடை அதற்குப் பக்கத்தில். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் வண்டியின் பின்னால் தயாராக நின்றார். அக்கா சாவியை மடியில் வைத்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். நீல லைட் எரிந்தது. ஜெபம் நேற்றையதைவிட நீளமாக இருந்தது. கடைசியில் என் பெயரும் வந்தது. பிறகு சாவியைப் போட்டார். மஞ்சள் லைட் எரிந்தது, அணைந்தது. ஒரே திருப்பு. எஞ்சின் எழுந்து வண்டி கொஞ்சம் நகர, தள்ளுவதற்காக அதில் கை வைத்திருந்த மாமா தடுமாறி இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

 மாமா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். இருமிக்கொண்டே ரோட்டைக் கடந்து போய், கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஜெயமேரி அக்காவின் வண்டியில் மற்றக் கூடைகளைத் தள்ளி இடம் பண்ணி ஏற்றினார்.