போடிலின் கேக்கும் நிஸ்ஸின் கடைசிக் குவியலும்

நிஸ் காலேசனுக்கு அவருடைய ஊரைப் பற்றித் தெரிந்த அளவு பாதிரியாருக்குக்கூடத் தெரியாது. ஊர்க்காரர்கள் சொல்ல விரும்பியது பாதிரியாரிடம் போகும். சொல்ல விரும்பாதது குழாய் வழியாக நிஸ்ஸிடம் வந்துவிடும். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் வாத்துக் கொழுப்பு வரும். தொலைக்காட்சியில் ஹேண்ட்பால் ஆட்டத்தின் இடைவேளை எப்போது விடப்பட்டது என்பதை, ஆட்டம் பார்க்காமலேயே, தண்ணீர் வரும் வேகத்தை வைத்து அவர் சொல்லிவிடுவார்.

தென் ஜட்லாந்தில் ஒரு சின்னக் கழிவுநீர் நிலையம்; அங்கே முப்பத்தெட்டு வருட வேலை. தண்ணீரைத் தெளிய வைத்துக் கடலுக்கு விடுவார். அடியில் தங்கும் கசடை மூடிய தொட்டியில் வாரக்கணக்கில் புளிக்க வைப்பார். அதிலிருந்து கிளம்பும் வாயுவில் விளக்கு எரியும். மிச்சத்தைப் பிண்ணாக்குப் போலப் பிழிந்து, ஆய்வகத்தில் காட்டி, உரமாக வயலுக்கு அனுப்புவார். உலகத்தில் வீணாகாமல் திரும்பிப் போகும் பொருள் அது ஒன்றுதான் என்று அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை வீட்டில் வைத்துக்கொள்ள மனைவி எல்லன் அனுமதித்தாள். சட்டையை மட்டும் வெளியே மாட்டச் சொன்னாள்.

வேலை முடிந்ததும் இரண்டு தடவை குளிப்பார். அப்படியும் ஊர்க்கூடத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அது கதவோரம், காற்று வரும் இடம். யாரும் போடச் சொன்னதில்லை, யாரும் எடுக்கவும் இல்லை.

அந்த செப்டம்பரோடு அவருக்கு ஓய்வு. கொட்டகையில் கடைசிக் குவியல் நின்றது. குளிர்காலக் கம்பு, அதாவது அந்தக் குளிர் நாட்டு ரை தானியம், விதைப்பதற்கு முன் அதை எடுத்துக்கொள்ள வயல் கிடைக்காவிட்டால், லாரி வந்து அதை வேறு ஊர் உலைக்கு ஏற்றிப் போகும், எரித்துச் சாம்பலாக்க. முப்பத்தெட்டு வருடத்தின் கடைசிப் பக்கத்தில் சாம்பலா என்று நிஸ்ஸுக்குத் தூக்கம் போயிற்று.

ஆஸ்மஸ் எடுத்துக்கொள்ளத் தயார்தான். நிஸ்ஸோடு ஒரே பெஞ்சில் படித்தவர். காட்டுக்கு அந்தப் பக்கத்து வயலில் ஒன்பது வருடமாக இந்த உரம்தான் போட்டு வருகிறார். நகராட்சி இணையதளத்தில் அந்த விவரம் எல்லாரும் பார்க்கும்படி இருந்தது. அதைப் பார்த்த ஒரே ஆள் நிஸ். இந்தத் தடவை அவரிடம் காலியாக இருந்ததோ ஊர்க்கூடத்தை ஒட்டிய வயல். "ஊரு வேண்டாம்னா நான் தொட மாட்டேன்" என்று ஆஸ்மஸ் சொல்லிவிட்டார்.

ஊர் என்றால் போடில். அவளும் அதே வகுப்புதான்; அப்போதே வகுப்பை நடத்தியது ஆசிரியரா போடிலா என்று சந்தேகம். "பீயை நம்ம வாசல்ல கொட்ட விட மாட்டேன்" என்று அவள் ஊரைக் கூட்டத்துக்கு அழைத்தாள்.

"அனுப்பறப்ப யாரும் கூட்டம் போடல. திருப்பித் தர்றப்ப மட்டும் கூட்டம்" என்றார் நிஸ், எல்லனிடம்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அவர் ஆஸ்மஸ் வீட்டுக்குப் போனபோது, முற்றத்தில் போடிலின் கார் நின்றது. ஆஸ்மஸ் சொந்த ஆலையில் அரைக்கும் கம்பு மாவு, மூட்டை மூட்டையாகப் பின்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. கார் போனதும் நிஸ் கேட்டார்.

"இது எந்த வயல் கம்பு?"

ஆஸ்மஸுக்குக் காது சிவந்தது. "காட்டுக்கு அந்தாண்ட. நிஸ், அவகிட்டச் சொல்லிடாதடா. என் ஆலையையே தூக்கிக் கடல்ல போட்டுடுவா."

"சொல்ல மாட்டேன்" என்றார் நிஸ். கை கொடுத்தார். ஊர் அறிந்த நேர்மையான கை.

கூட்டத்தன்று எல்லன் கட்டிக் கொடுத்த ஆய்வக அறிக்கையை நிஸ் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். மதியம் சாப்பிடவும் இல்லை. தென் ஜட்லாந்தில் கூட்டம் என்றால் முதலில் காபி. காபி என்றால் மெத்தென்று ஏழு வகை கேக், மொறுமொறுவென்று ஏழு வகை பிஸ்கட். பதினாலையும் தொட்டாக வேண்டும். ஒன்றை விட்டாலும் அதைச் சுட்டவள் பத்து வருடம் மறக்க மாட்டாள். அத்தனையும் உள்ளே போன பிறகு யாருக்கும் கோபப்படத் தெம்பு இருக்காது. போடிலுக்கு மட்டும் இருந்தது.

"அதுல விளையறதை நம்ம பிள்ளைங்க வாயில வைக்கிறதா? நினைச்சாலே குமட்டுது!" என்று அவள் மேசையைத் தட்டினாள்.

எல்லாரும் தலையாட்டினார்கள். கதவோரத்திலிருந்து நிஸ் தட்டை நீட்டினார். "போடில், அந்த ரொட்டி கேக்குல இன்னொரு துண்டு."

மாதா கோவில் சந்தையில் ஆறு வருடம் முதல் பரிசு வாங்கிய கேக் அது. கறுப்புக் கம்பு ரொட்டியும் திராட்சைப்பழ ஜாமும் கிரீமும் அடுக்கடுக்காக. கோபத்திலும் போடிலால் மறுக்க முடியவில்லை.

"வாசனையே தனி" என்றார் நிஸ். "மாவு எங்க வாங்கற?"

"வேற எங்க? ஆஸ்மஸ்கிட்டதான். கடை மாவுல இது வருமா?"

"எந்த வயல் கம்பு?"

"காட்டுக்கு அந்தாண்ட. அந்த மண்ணு மாதிரி மண்ணு இந்த வட்டாரத்துலயே கிடையாது. கறுப்பா, பொலபொலன்னு..."

"அப்படியா! அதுக்கு என்ன உரம் போடறான்?"

ஆஸ்மஸுக்குப் பதினாலில் பதின்மூன்றாவதாக எடுத்த பிஸ்கட் தொண்டையில் நின்றது. இருமினார். பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டினார். போடில் ஆஸ்மஸின் காதுகளைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே அந்தக் காதுகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பிறகு நிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு தன் கேக்கை. நாற்பது பேர் வயிற்றில் அந்தக் கேக் இருந்தது.

கசடு அசிங்கம் என்றால் கேக்கும் அசிங்கம். ஆறு பரிசும் அசிங்கம். போடில் கணக்கில் எப்போதும் முதல் மாணவி.

"ஏன் எல்லாரும் முழிக்கிறீங்க?" என்றாள். "தெரியாமலா வாங்கறேன்? ஆரம்பத்துலேர்ந்தே எனக்குத் தெரியும். நல்லா புளிக்க வச்சு, ஆய்வகத்துல பார்த்து அனுப்பறாங்க. இவ்வளவு நாள் யாராவது செத்தீங்களா? நான் கேட்டது வேற. காபி நாளன்னிக்குக் கொட்டக் கூடாது. கொட்டின அன்னிக்கே உழுதுடணும். அவ்வளவுதான்."

"அது நியாயம்" என்றார் நிஸ், மிகுந்த பணிவோடு. கைகள் உயர்ந்தன. ஆஸ்மஸின் கை கடைசியில், இருமலுக்கு நடுவே.

வெளியே சைக்கிள் நிறுத்தத்தில் ஆஸ்மஸ் பிடித்துக்கொண்டார். "கை கொடுத்தியேடா, பாவி!"

"சொல்ல மாட்டேன்னு கை கொடுத்தேன். கேக்க மாட்டேன்னு எங்க கொடுத்தேன்?"

குவியல் ஒரு வியாழக்கிழமை வயலுக்குப் போய், சாயங்காலத்துக்குள் மண்ணுக்கடியில் படுத்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் கதவோர நாற்காலியில் ஆஸ்மஸ் உட்கார்ந்திருந்தார், கோட்டுக் காலரை உயர்த்திக்கொண்டு. நிஸ்ஸுக்கு இடம் போடிலின் பக்கத்தில். கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்திருப்பது நல்லது என்று அவள் முடிவு செய்திருந்தாள். கேட்காமலே அவர் தட்டில் ரொட்டி கேக்கை வைத்து, குனிந்து, காதோடு சொன்னாள்:

"வாயைத் திறந்தா திங்கறதுக்கு மட்டும் திற."