ஹில்டா கேட்ட கால் மணி நேரம்

ஹில்டா ஆக்ராய்டு முதலில் இயக்கிய படங்களில் கதாநாயகி என்று யாரும் கிடையாது. உருளைக்கிழங்கு உண்டு, பன்றி உண்டு, சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகள் உண்டு. எல்லாம் போர்க்காலத்தில் அரசாங்கம் எடுக்கச் சொன்ன துண்டுப் படங்கள். பன்றி வளர்ப்புப் படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் பன்றி வளர்த்தார்களோ தெரியாது. லண்டனுக்கு மேற்கே அவர் வேலை பார்த்த ஸ்டுடியோவில் அவருக்குப் ‘பன்னிக்கார அம்மா’ என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அவர் ஹடர்ஸ்ஃபீல்டு கம்பளி மில்லில் தறி ஓட்டியவரின் மகள். சின்ன வயதிலேயே பிலிம் துண்டுகளை ஒட்டும் வேலைக்கு வந்து, மற்ற டைரக்டர்கள் செய்த தப்பையெல்லாம் கத்தரித்துக் கத்தரித்தே தொழில் கற்றவர். பெரிய படம் கேட்டுப் போகும்போதெல்லாம் தயாரிப்பாளர் செஃப்டன் கிராடக் எழுந்து நின்று வரவேற்பார், டீ கொடுப்பார், கையில் இன்னொரு பன்றிப் படத்தைக் கொடுத்து அனுப்புவார். மரியாதையாகக் கழுத்தறுப்பதில் லண்டன் தயாரிப்பாளர்களை யாரும் மிஞ்ச முடியாது.

ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு டைரக்டர் கிராடக்கிடம் சண்டை போட்டுக்கொண்டு அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். வேறு ஆள் அகப்படவில்லை. படம் ஹில்டாவிடம் வந்தது.

புருஷன் விட்டுவிட்டுப் போன பஸ் கண்டக்டர் ஒருத்தியின் கதை அது. கடைசியில் அவள் நடன மண்டபத்துக்குத் தனியாக வருகிறாள். ஆடுகிற ஜோடிகளுக்கு நடுவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, வாசலில் நின்று சிரிக்கிறாள். நடுவில் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். ஹில்டாவுக்கு அந்தப் படமே அந்த நடைதான். கிராடக்குக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. புருஷன் பூங்கொத்தோடு திரும்பி வருகிற முடிவு ஒன்றை முன்கூட்டியே எடுக்கவைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்.

“ஜனங்க அழுதுட்டு வீட்டுக்குப் போகக் கூடாது, ஹில்டா. நீ அந்த நடைய எடுத்து முடிச்சா பாக்கலாம். முடியலன்னா புருஷன் வந்துருவான்.”

கடைசி நாள். மண்டப செட்டை மறுநாள் காலை பிரித்துவிடுவார்கள். அன்றைக்கென்று பார்த்து எல்லாம் மக்கர் செய்தது. பெரிய விளக்கு ஒன்று வெடித்தது, கிரேன் சக்கரம் சிக்கிக்கொண்டது, ஆடிக்கொண்டிருந்த துணை நடிகை ஒருத்தி இறுக்கிக் கட்டிய உள்ளாடை தாங்காமல் மயங்கி விழுந்தாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வேலை நின்றாக வேண்டும். அதைத் தாண்ட வேண்டுமென்றால் தொழிலாளிகளிடம் கால் மணி நேரம் கேட்க வேண்டும். எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒருவன் மாட்டேன் என்றால்கூட விளக்கு அணைந்துவிடும். பிரபுவானாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்படிக் கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற டைரக்டர்கள் உதவியாளனை அனுப்புவார்கள்.

எல்லாம் தயாரானபோது ஹில்டா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் முடிந்துவிட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் இன்னும் கால் மணி பாக்கி இருந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் கிராடக் பைப்பில் புகையிலையை அடைத்துக்கொண்டே கண்ணடித்தார்.

“பேசாம எடு. இன்னிக்குச் செலவழிச்ச காசு வீணாக வேணாம். முள்ளைத் தள்ளிவச்சது மேல விளக்குகிட்ட இருக்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஷாட் கையில். திறந்தால் புருஷன் பூங்கொத்தோடு வந்துவிடுவான், தானும் பன்றிகளிடம் திரும்பிவிட வேண்டியதுதான். மில் முதலாளிகள் கடிகார முள்ளைத் தள்ளிவைத்து வேலை வாங்கிய கதையைச் சொல்லி அப்பா சாப்பாட்டு மேசையில் கொதித்தது ஞாபகம் வந்தது. கிராடக் மேல் வந்த ஆத்திரத்தில் பயமே போய்விட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேலே ஏறினார்.

“தோழர்களே! அந்தக் கடிகாரம் பொய் சொல்லுது. உங்க நேரம் முடிஞ்சுபோச்சு.”

இசைக்காரர்கள் வாத்தியங்களைக் கீழே வைத்தார்கள். உச்சியில் விளக்குகள் நிற்கும் பலகையிலிருந்து வில்ஃப் டிரான்டர் எட்டிப் பார்த்தார். மின் தொழிலாளி, சங்கத்துத் தலைவர், பன்னிக்கார அம்மா என்று பெயர் வைத்தவரும் அவரேதான்.

“எந்தத் திருட்டுப்பய வேலை இது?”

“யார் வேலையா இருந்தாலும் என் செட்டுல நடந்துருக்கு, மன்னிச்சிருங்க. எனக்குக் கால் மணி நேரம் வேணும், வில்ஃப். கேக்குறேன். முடியாதுன்னா கோட்டை மாட்டிட்டுக் கிளம்புங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“கால் மணியில என்னத்தம்மா கிழிக்கப் போறீங்க?”

“அவ தனியா நடக்கணும். புருஷன் வராமலே சிரிக்கணும்.”

“அந்தப் புருஷன் மூஞ்சிக்கு அவன் வராம இருக்கறதே மேல்!” என்றார் ஒரு தச்சர். கொல்லென்று சிரித்தார்கள்.

வில்ஃப் சிரிக்கவில்லை. “முடியாதுங்கறவன் கையத் தூக்குங்கடா.” ஒரு கை எழவில்லை. “இன்னிக்கு எங்க வீட்டுச் சாப்பாடு சுடச்சுட கிட்னி பை. ஆறிப்போச்சுன்னா என் பொண்டாட்டிகிட்ட நீங்கதான் பேசணும்.”

“அவங்க காலுலயே விழறேன். விளக்கப் போடுங்க!”

முதல் முறை ஒரு ஜோடி தடுக்கி விழுந்தது. இரண்டாம் முறை வாத்தியம் எழுந்தது, கிரேன் வெண்ணெயாக வழுக்கியது, நடிகை நடந்தாள். ஜோடிகள் விலகி அவளுக்கு வழிவிட்டு, பின்னால் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். வாசலில் திரும்பி நின்றாள். முதலில் உதடு துடித்தது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தாள். ஹில்டாவுக்குக் ‘கட்’ சொல்ல வேண்டும் என்பதே தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது.

“எதுக்கும் இன்னொண்ணு எடுத்துடலாமே” என்றார் கிராடக்.

விளக்குகள் படபடவென்று அணைந்தன. இருட்டிலிருந்து வில்ஃபின் குரல் வந்தது. “அம்மா கேட்டது கால் மணி, குடுத்தாச்சு. உங்களுக்கு வேணும்னா வாயத் திறந்து நீங்க கேளுங்க சார்.”

கிராடக் கேட்கவில்லை. ஷாட் கையில் இருந்தது. அத்தனை பேர் முன்னால் எடுத்து முடித்த நடையைத் தள்ள முடியாமல், புருஷன் முடிவை விட்டுவிட்டு அதையே வைத்தார்.

ஹடர்ஸ்ஃபீல்டில் படம் வந்த சனிக்கிழமை ஹில்டா ரயிலேறிப் போய்க் கொட்டகையின் கடைசியில் நின்றுகொண்டார். அரங்கு முழுக்க மில் பெண்கள். திரையில் அவள் நடக்க ஆரம்பித்ததும் வேர்க்கடலை உடைக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. புருஷன் வரவில்லை. அவள் சிரித்தாள். மாடியிலிருந்து ஒருத்தி எழுந்து, “போடி ராசாத்தி! திரும்பிப் பாக்காமப் போடி!” என்று கத்தினாள். அவ்வளவுதான், கொட்டகையே எழுந்து நின்றது. சீட்டைத் தட்டினார்கள், காலை உதைத்தார்கள், கைத்தட்டலில் கடைசி இசை யார் காதிலும் விழவில்லை. ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அவர்களோடு சேர்ந்து கைத்தட்டினார்.