ஒரே மூச்சில் மெயின்கார்டு கேட்

இன்று காலை உறையூரில் சந்திக்கக் கிடைத்தவர் வைதேஹி. ஸ்ரீரங்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். கைத்தறிச் சங்கக் கட்டடத்தில் பாய் விரித்து, பதினோரு பிள்ளைகளை உட்கார வைத்து, டவுன் பஸ் நிற்கும் இடங்களை மெதுவாகச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தார். பதினோரு பேருக்கும் இழுப்பு. ஆஸ்துமாவுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார். அவர் சொன்ன கதை இது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், 1961 டிசம்பர். வைதேஹி அப்போது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். மார்கழிப் பனி இறங்கினால் போதும், நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். பாதி நாள் ஸ்கூலுக்குப் போக முடியவில்லை. இன்னும் ஆறு நாள் வராமல் போனால் பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார்.

அப்பா பராசரன் ரயில்வே குமாஸ்தா. நல்ல மனுஷர்தான், ஆனால் பயந்தவர். "இந்த வருஷம் எழுத முடியலேன்னா போறும்மா, ஆத்தோட இரு. உசிரை வெச்சிண்டுன்னா படிப்பு?" என்றார்.  அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வியாகுலம்மாள் மாத்திரையோடு ஒரு பயிற்சியும் சொல்லி அனுப்பியிருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து நீளமாக ஊத வேண்டும். எதிரே விளக்கு வைத்துக்கொண்டால், சுடர் சாய வேண்டும், அணையக் கூடாது.

வீட்டில் வைதேஹி அகலை ஏற்றி ஊத உட்கார்ந்தாள். சுடர் சாய்வதற்கு முன்னால் அம்மா அரவிந்தவல்லி வந்துவிட்டாள்.

"விளக்கை வாயாலே ஊதறதாவது! எச்சில் படாதோ? யாருடி சொன்னா?"

"நர்ஸ் சொன்னா."

"அவா ஆத்துலே ஊதட்டும்."

அப்பா சமாதானமாக ஒரு வழி சொன்னார். "ஊதறதுலே என்னம்மா இருக்கு? உள்ளே இழுத்து அடக்கறதுலேதான் பலம். நித்தியம் நான் சந்தியாவந்தனத்துலே மூக்கைப் பிடிச்சிண்டு பிராணாயாமம் பண்றேனே, பார்த்ததில்லையா? அதையே நீயும் பண்ணு."

அவர் ஆசையாகத்தான் சொன்னார், அவளும் ஆசையாகத்தான் செய்தாள். காலையும் மாலையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க அடக்கினாள். எட்டாம் நாள் ராத்திரி மூச்சு திணறி, விடிந்ததும் வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. ஆறு நாளில் நாலு நாள் அப்படியே போயிற்று. மிச்சம் இரண்டு.

பக்கத்துக் கட்டிலில் உறையூர்க்காரப் பெண் ஒருத்தி, அவள் வயசுதான். பெயர் செல்லக்கிளி. வீட்டில் தறி, அந்தப் பஞ்சுத் தூசியால் அவளுக்கும் இழுப்பு. வைதேஹி நடந்ததைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"அடக்கிக்கிட்டா இருந்த? ஏற்கெனவே உள்ள மாட்டிக்கிட்ட காத்து வெளிய போக மாட்டேங்குதுன்னுதானே இங்க வந்து கெடக்கோம்? பழசு போனாத்தான் புதுசுக்கு எடம்."

"எங்காத்துலே விளக்கை ஊத விடமாட்டா."

"விளக்கு எதுக்கு? எங்க மாமா டவுன் பஸ்ஸு கண்டக்டரு. அவரு கத்துற ஸ்டாப்புப் பேரயெல்லாம் நான் மெதுவா சொல்லுவேன். மூக்கால இழுத்துக்க, அப்புறம் ஒரே மூச்சுல எதுவரைக்கும் போறேன்னு பாரு."

வைதேஹி இழுத்தாள். "மொட்டைக் கோபுரம்... அம்மா மண்ட..."

"மண்டபத்துக்கே போகலியே நீ. படியிலேயே தொங்குற."

வீட்டுக்கு வந்த பிறகு தினம் இரண்டு வேளை இதுதான். விளக்கும் இல்லை, எச்சிலும் இல்லை. ஊர்ப் பெயரைச் சொன்னால் யார் தடுப்பார்கள்? "கண்டக்டர் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டிருக்காளாக்கும்" என்று அம்மா கிண்டல் செய்தாள். ஆனால் சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு எதுவரைக்கும் போச்சு?" என்று கேட்பார். "மாம்பழச்சாலை தாண்டியாச்சு" என்று அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். மிச்சமிருந்த இரண்டு நாளில் ஒன்றுதான் செலவாயிற்று.

மார்ச் மாதம் பரீட்சை. எழுதும் இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனில். அப்பா லீவு போட்டுவிட்டுக் கூடப் புறப்பட்டார். மாம்பழச்சாலையில் பஸ் நின்றபோது, ரோட்டோரம் யாரோ சருகைக் கூட்டிக் கொளுத்தியிருந்தார்கள். புகை ஜன்னல் வழியாக நேராக அவள் முகத்தில் அடித்தது. இரண்டு நிமிஷத்தில் விசில் ஆரம்பித்துவிட்டது.

பராசரன் பதறி எழுந்தார். "எறங்கிடலாம்மா. ஆத்துக்குப் போயிடலாம்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கையோடு வைத்திருந்த மாத்திரையை விழுங்கினாள். முன்சீட்டுக் கம்பியில் முழங்கையை ஊன்றிக் குனிந்து, "மொட்டை..." என்றாள். அதற்கு மேல் குரல் வரவில்லை.

பராசரன் மறுபடி உட்கார்ந்தார். பிறகு அவள் முதுகில் கையை வைத்து, "நான் சொல்றேன். நீ ஊது" என்றார்.

ஊதறதுலே என்ன இருக்கு என்றவர் அவர்தான்.

"மொட்டைக் கோபுரம்... அம்மா மண்டபம்... மாம்பழச்சாலை..." அவர் சொல்லச் சொல்ல, அவள் உதட்டைக் குவித்து ஊதினாள். பஸ் பாலத்தில் ஏறியது. அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கண்டக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"சாமி, எல்லா ஸ்டாப்பையும் சொல்றீங்க. எங்கதான் எறங்கணும்?"

"எம் பொண்ணு சொல்ற எடத்துலே."

சிந்தாமணி தாண்டும்போது விசில் தேய்ந்துவிட்டது. வைதேஹி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் ஆறு பெயரும் சொல்லி முடித்தாள். கடைசிப் பெயர் மெயின்கார்டு கேட். அங்கேதான் இறங்கினார்கள். அந்தப் பரீட்சையை எழுதிப் பாஸ் செய்ததால்தான் பிறகு டைப்ரைட்டிங், இன்றைக்கு இந்த வேலை.

இழுப்பு போய்விடவில்லை. பனிக்காலத்தில் வரும், மாத்திரையும் பையில் இருக்கிறது. "அது பாட்டுக்கு வரும், நாங்க பாட்டுக்கு அனுப்பி வைப்போம்" என்று பின்னாலிருந்து செல்லக்கிளி சொன்னாள். வகுப்பு நடத்துவதில் பாதி அவள்தான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசைப் பையன் ஒருவன் முதல்முறையாகக் காவேரிப் பாலத்தைத் தொட்டுவிட்டான். வைதேஹியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தானே பரீட்சை பாஸ் பண்ணின மாதிரி.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இழுப்பு வரும் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால், ஞாயிறு காலை எட்டு மணிக்கு உறையூர் கைத்தறிச் சங்கக் கட்டடத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்த வேண்டாம், அதையும் கையோடு கொண்டு வரச் சொல்கிறார் வைதேஹி. நாச்சியார் கோயில் ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும், பஸ் ஸ்டாப் பாடுகிற இடமா என்று கையைக் காட்டுவார்கள்.