தண்ணீருக்கடியில் மருமகளைத் திட்டியது

எழுது என்றால் எனக்குக் கை கூசும். ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்கப்புறம் தோல் பதனிடுகிற தோல் ஷாப், பிறகு ஷூ கம்பெனி என்று போய்விட்டதால் பேனா பிடிக்கிற வேலையே வரவில்லை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். மறதியும் ஜாஸ்தி. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். அன்றைக்குத் தண்ணீருக்கடியில் என்ன பேசினேன் என்று வேறு யாருக்கும் தெரியாது.

எங்கள் வீடு ஆம்பூரில். மருமகள் சோளிங்கர்க்காரி. வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே புதுச்சேரிக்குப் போய், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கக் கற்றுக்கொண்டவள். அதற்கு ஸ்கூபா என்று பேர். எனக்கு அந்தப் பேர் வாயில் நிற்கவே ரொம்ப நாளானது. ஒவ்வொரு படியாக ஏறி, இப்போது மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியாளர் பரீட்சைக்குப் போக வேண்டும். அதுதான் அவள் ஆசை. வேலூரிலேயே பெண்களுக்கென்று ஒரு வகுப்பு வைக்க வேண்டும் என்று சப்பாத்தி தேய்க்கும்போதுகூட சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் புதுச்சேரிக்காரர். அவர் சரி என்று சொன்னால்தான் பரீட்சைக்குப் போக முடியும். அவர் சொல்லவில்லை.

ஒரு நாள் போனை வைத்துவிட்டு முகம் சுண்டிப்போய் சோபாவில் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றேன்.

"நான் நல்லா டைவ் பண்றனாம் அத்தை. ஆனா கத்துக்கொடுக்க வரலையாம். கைய வெச்சிட்டு சும்மா இருக்க மாட்டேன்றனாம். அவங்க செய்யறதுக்குள்ள நானே செஞ்சி முடிச்சிட்றனாம்."

அது உண்மைதான். என் கையிலிருந்து கத்திரிக்காயைப் பிடுங்கி அரிகிறவள் அவள்.

மாஸ்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். நீச்சல் தெரியாத, தண்ணீர் என்றால் பயப்படுகிற ஒரு ஆளை அவளே தயார் செய்ய வேண்டும். அந்த ஆள் குளத்துக்கடியில் முட்டிபோட்டு, முகத்தில் மாட்டியிருக்கும் கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு, பதறாமல் அதை வெளியே தள்ளிக் காட்ட வேண்டும். அவர் அடுத்த முறை வேலூர் வரும்போது நேரில் பார்ப்பார். வரேன் என்று சொல்லியிருந்த சிநேகிதி ஒருத்தி கடைசியில் கழன்றுகொண்டாள். இன்னொருத்தியை வீட்டில் விடவில்லை.

"நான் வர்றேன்" என்றேன்.

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். நான் அப்படியெல்லாம் முன்னால் வந்து பேசுகிறவள் இல்லை. கல்யாண வீட்டில் இன்னொரு அப்பளம் கேட்கக்கூட வாய் வராது.

என் மகன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்தான். "இன்னாமா நீ, தலைக்கு ஊத்திக்கறதுக்கே கண்ண இறுக்கி மூடிக்குவ. நீ சிலிண்டர் கட்டிக்கப் போறியா?"

"சிரிக்காதீங்க" என்றாள் மருமகள். "பயப்பட்ற ஆள் வேணும்னுதானே கேட்டாரு. இவங்கள விட்டா யாரு?"

எனக்கு அது பெருமையா இல்லையா என்று புரியவில்லை. டாக்டரிடம் அழைத்துப்போய் நெஞ்சு, காது, பிரஷர் எல்லாம் பார்க்க வைத்தாள். அறுபது தாண்டியவள், ஆனால் குளத்தில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். தப்பிக்க வழியில்லை.

முதல் நாள் பெண்களுக்கு ஒதுக்கிய நேரத்தில்தான் போனோம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற கருப்பு உடை ஒன்று கொடுத்தாள். மூடுகிறதே தவிர ஒன்றையும் மறைக்கவில்லை. நான் அதன் மேல் நைட்டியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். இறங்கியதும் நைட்டிக்குள் காற்று புகுந்து என்னைச் சுற்றிக் கூடாரம் போட்டது. என் காலே எனக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து மகனுடைய பெரிய டி-ஷர்ட்தான்.

"ரூல் ஒண்ணே ஒண்ணுதான் அத்தை" என்றாள். "மூச்ச பிடிக்கக் கூடாது. இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க. அவ்ளோதான்."

ஏன் என்றும் சொன்னாள். ஆழத்தில் இழுத்த காற்று, மேலே வரவர பெரிதாகுமாம். வாயை மூடி அடைத்து வைத்தால் உள்ளே நுரையீரலைக் கிழித்துவிடுமாம். அதனால் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஓயாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்க லேசாகத்தான் இருந்தது.

சைகைகளும் சொல்லிக்கொடுத்தாள். விரலை வளையமாகப் பிடித்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். கட்டை விரலைத் தூக்கினால் மேலே போகலாம் என்று அர்த்தம். நான் இதை மறந்துவிட்டேன். உள்ளே போய் அவள் எப்படி இருக்கிறது என்று கேட்டபோதெல்லாம் கட்டை விரலைத் தூக்கினேன். அவளும் உடனே என்னை மேலே தூக்கினாள்.

"இன்னா அத்தை, இப்பதானே எறங்கினோம்?"

"நல்லா இருக்குதுன்னு சொன்னேன்மா."

அதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. என்னால் மூச்சு விட முடியவில்லை. தலை தண்ணீருக்குள் போன உடனே நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது. நான் விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பேன், குமிழியே வராது. அடைத்த காற்றால் உடம்பு தக்கை மாதிரி மேலே மேலே வந்தது. இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கூட்டினாள். அப்போதும் வந்தது.

கண்ணாடிக்குள் தண்ணீர் விடுகிற பாடம் இன்னும் மோசம். தண்ணீர் மூக்கைத் தொட்டதும் எழுந்து நின்றுவிடுவேன். நிற்பதற்கு முன்னால் அவள் கை வந்துவிடும், கண்ணாடியைப் பிடித்து, இழுத்து, சரிசெய்து. ஒவ்வொரு தடவையும் நான் செய்ய வேண்டியதை அவளே செய்தாள். மேலே வந்ததும் தலையில் அடித்துக்கொள்வாள், என் தலையில் இல்லை, அவள் தலையில்தான்.

"பிடிக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது அத்தை!"

"நான் பிடிக்கலியேம்மா. அதுவா பிடிச்சிக்குது."

மாஸ்டர் வரப்போகிற நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. வீட்டில் அவள் பேச்சு குறைந்தது. என்னால் அவள் பரீட்சை போகிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு ஆளைப் பாரம்மா என்று ஒரு நாள் சொன்னேன். "பேஜார் பண்ணாதீங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கோபமா பாசமா என்று கண்டுபிடிக்க முடியாத மாதிரி சொன்னாள்.

அதற்கப்புறம் ஒரு காலையில் காரில் போய்க்கொண்டிருந்தோம். அவள்தான் ஓட்டினாள். வண்டியில் ஏசி கெட்டுப்போயிருந்ததால் ஜன்னல் திறந்திருந்தது. ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு இடத்தில் தோல் ஷாப் வாடை வரும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வாடையே இல்லை, ஊர் அவ்வளவுதான். அவள் மூக்கைச் சுளித்தபடி என்னவோ கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தவள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தியேவிட்டாள்.

"அத்தை! இன்னா பண்றீங்க?"

நான் தலையை ஆட்டினேன். கன்னம் உப்பியிருந்தது.

"மூச்சு விடுங்க அத்தை!"

விட்டேன். அப்போதுதான் நான் பிடித்துக்கொண்டிருந்ததே எனக்குத் தெரிந்தது.

தோல் ஷாப்பில் நாங்கள் தோல் காயப்போடுகிற களத்துக்குப் போக வேண்டுமானால் சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். பச்சைத் தோலை ஊறப்போட்டிருக்கும் குழி, நாற்றம் தாங்காது. வாசலில் பேசிக்கொண்டே வருகிற பெண்கள் எல்லாரும் அங்கே வந்ததும் பேச்சை நிறுத்தி, மூச்சை அடைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்போம். அந்தப் பக்கம் போய்தான் விடுவோம், விட்ட பேச்சையும் அங்கேதான் தொடர்வோம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஷூ கம்பெனிக்கு மாறி, அதையும் விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் உடம்பு அதை மறக்கவில்லை. பிடிக்காத இடம் எதுவானாலும் அடைத்துக்கொள்கிறது. இதையெல்லாம் காரில் உட்கார்ந்தபடி அவளிடம் சொன்னேன்.

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நான் உங்கள பாக்கவே இல்ல அத்தை" என்றாள். "கண்ணாடியத்தான் பாத்துட்டிருந்தேன். அந்தக் குழிகிட்ட நீங்க பேசிட்டே நடந்திருந்தா?"

"பேசினா எப்படிம்மா மூச்ச அடைக்கறது?"

"அதான்!" என்று கத்தினாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

அன்றைக்குக் குளத்தில் சிலிண்டரை மாட்டும்போது சொன்னாள்: "உள்ள போனதும் வாயில குழாயோட பேசுங்க. எது வேணா பேசுங்க. யாருக்கும் கேக்காது, குமிழிதான் வரும். பேசறவரைக்கும் மூச்சு போய்ட்டே இருக்கும். முடிஞ்சதும் தானா இழுப்பீங்க."

"இன்னாம்மா பேசறது? எனக்குத்தான் பேச வராதே."

"என்னத் திட்டுங்க."

"அய்யய்யோ."

"கல்யாணமாகி இத்தினி வருஷம் ஒரு வார்த்தை திட்டினதில்ல. உள்ள ஸ்டாக் இருக்கும் அத்தை, எனக்குத் தெரியும். எல்லாத்தையும் எறக்கிடுங்க."

உள்ளே போனேன். முதலில் வெட்கமாக இருந்தது. ஈரத் துண்டை ஏன் கட்டில் மேல் போடுகிறாய் என்று ஆரம்பித்தேன். கொத்தாகக் குமிழி போனது. மூச்சு இழுத்தேன். கேஸைச் சின்னதாக வைத்துவிட்டு போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனால் பாலை யார் பார்ப்பது என்றேன். இன்னொரு கொத்து. அப்புறம் எனக்கே ஆச்சரியம், வந்துகொண்டே இருந்தது. முட்டி தரையில் ஒட்டி நின்றது. உடம்பு மேலே வரவேயில்லை. எதிரில் அவள் கண்ணாடிக்குள் கண் இடுங்க சிரித்துக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் கை சும்மா இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாஸ்டர் வந்தார். நரைத்த தாடியும் கறுத்த முகமுமாக இருந்தார். வணக்கம்மா என்று சொல்லிவிட்டு வேறொன்றும் பேசாமல் தண்ணீருக்கடியில் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். நான் முட்டிபோட்டேன். மருமகள் எதிரில். சைகை காட்டினாள், கண்ணாடியின் மேல் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கித் தண்ணீரை விட்டேன்.

ஆம்பிளை ஒருவர் பார்க்கிறார் என்ற கூச்சமோ என்னவோ, எல்லாம் மறந்துபோனது. தண்ணீர் மூக்குக்கு வந்தது, கண்ணை மூடினேன், நெஞ்சு பூட்டிக்கொண்டது. குமிழிச் சத்தம் நின்றுவிட்டது. தண்ணீருக்கடியில் நம் குமிழிச் சத்தம் ஒன்றுதான் கேட்கும். அது நின்றால் ரொம்ப அமைதியாகிவிடும். இப்போது அவள் கை வரும், பிடிப்பாள், அவள் பரீட்சை போய்விடும் என்று நினைத்தேன்.

கை வரவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தேன். மங்கலாகத்தான் தெரிந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால். வலது கையை மட்டும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்துப் பிரித்து, வாயாடுகிற மாதிரி காட்டினாள். திட்டுங்க.

திட்டினேன். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி, முதல் நாளிலிருந்தே ஜாஸ்தி, உன் புருஷன் பயந்துகொண்டு சொல்ல மாட்டான், நானும் மோரை ஊற்றித்தான் தின்கிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லிவிட்டு, மருமகளைத் திட்டி முடித்த எந்த மாமியாரும் செய்வதைச் செய்தேன். முகவாயைத் தூக்கி, மூக்கால் ஒரு "ம்க்கும்" போட்டேன்.

கண்ணாடிக்குள் இருந்த தண்ணீர் மொத்தமும் கீழ்ப்பக்கமாக வெளியே போய்விட்டது.

செய்ய வேண்டியது அதேதான். முகத்தை நிமிர்த்தி, கண்ணாடியின் மேல்பக்கத்தை அழுத்திக்கொண்டு, மூக்கால் ஊத வேண்டும். இத்தனை நாளாக அவள் படித்துப் படித்துச் சொல்லியும் வராதது அந்த முகவாய் நொடிப்பில் வந்துவிட்டது. கையும் பழக்கத்தில் சரியான இடத்தில் இருந்திருக்கிறது. விரலை வளையமாகப் பிடித்துக் காட்டினேன். கட்டை விரலை அல்ல.

மேலே வந்ததும் மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"அம்மா மூச்சு நின்னப்ப உன் கை எங்க இருந்துச்சு?"

"பின்னாடி மாஸ்டர். ஒண்ணு மட்டும் முன்னாடி."

"தொட்டியா?"

"இல்ல மாஸ்டர்."

"பரீட்சைக்குப் பணம் கட்டிடு" என்றார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அவ்ளோ நேரம் உள்ள இன்னா பேசினீங்க?"

நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மருமகள் பரீட்சைக்குப் போய்த் தேறி வந்தாள். இப்போது சத்துவாச்சாரியில் பெண்களுக்கு அவள் வகுப்பு நடக்கிறது. பயந்துபோய் மூச்சை அடைத்துக்கொள்கிறவர்களிடம், யாரையாவது திட்டுங்க என்று சொல்கிறாளாம். ஒருத்தியும் யாரைத் திட்டுவது என்று யோசிப்பதில்லையாம். எல்லாருக்கும் யாராவது இருக்கிறார்கள்.

நான் இன்னும் கடலுக்குப் போகவில்லை. தண்ணீர் தெளிவாக இருக்கிற மாதத்தில் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சைகைகளையும் கருவிகளையும் எனக்குத் தெரிந்த மட்டும் எழுதியிருக்கிறேன். எதை முதலில் பிடிக்க வேண்டும், எதைப் பிறகு ஊத வேண்டும் என்பதில் தப்பு இருக்கலாம். மருமகள்தான் படித்துப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும். அன்றைக்கு என்ன திட்டினேன் என்று அவளுக்கும் இதில்தான் தெரியப்போகிறது. சாம்பார் விஷயத்தை மட்டும் அவள் தொட வேண்டாம். உப்பு ஜாஸ்தியா கம்மியா என்று என் மகன் சரிபார்க்கட்டும்.