மேடில்லாத ஊரில் மெதுவான அச்சு

இந்த ஊரில் வண்டியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடலாம். திரும்பி வரும்போது அது அங்கேயேதான் நிற்கும். ஹட்டனில் இதைப் படிக்கும் நண்பர்கள் நம்பமாட்டீர்கள். நம் மலையில் தேயிலை லாரியை நிறுத்தினால், சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைத்த பிறகுதானே மூச்சு விடுவோம்? புதுச்சேரிக்கு வந்த புதிதில் நான் இங்கேயும் கட்டையோடுதான் இறங்கினேன். முத்தியால்பேட்டைக் கடைத்தெருவில் நின்றவர்கள், சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற ஆளை வேடிக்கை பார்த்தார்கள். "வண்டி எங்கயும் ஓடிப்போவாதுங்க" என்று ஒருவர் ஆறுதல்கூடச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கட்டையை எடுக்க மனம் வரவில்லை.

தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்தபோது, தோட்டத்துத் துரை லாரி ஓட்டிக்கொண்டிருந்த என்னையும் கைகழுவிவிட்டார். என் மனைவி ஆரோக்கியத்துக்குப் பிறந்த ஊர் இது. அவளுடைய அண்ணன் சவரிராயன் வீட்டில் வந்து இறங்கினோம். மச்சானுக்கு மாட்டு வண்டித் தொழில். பாகூர்ப் பக்கத்திலிருந்து மல்லாட்டை மூட்டைகளை உப்பளத்துக் கிடங்குக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். கப்பல் ஏறுவது அங்கிருந்துதான். நாம் கச்சான் என்பதை இவர்கள் மல்லாட்டை என்கிறார்கள். மச்சான் தங்கமான மனிதர். ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் என்னை, "இவரு சிலோன்காரரு, தங்கச்சி வூட்டுக்காரரு" என்றுதான் சொல்வார். வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு அந்தச் சிலோன்காரர் என்ற சொல் சோற்றில் கல் மாதிரி கடிபடும். அவர் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பது தெரிந்தும் கடிபடும்.

இந்த நிலையில் மச்சானுக்கு மோட்டார் ஆசை வந்தது. பிரான்சிலிருந்து ஒரு கமியோனெத் தருவிப்பது, பின்புறம் திறந்த சின்ன லாரிதான், அதன் பின்னால் மூட்டை ஏற்றிய இழுவண்டி ஒன்றைக் கொக்கியில் மாட்டி இழுப்பது என்று ஏற்பாடு. இழுவண்டியை உள்ளூர்க் கொல்லரே செய்துவிட்டார். ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா, கால்சட்டையும் தொப்பியும் போட்ட நம் தமிழர்தான், ஒரு கேள்வி கேட்டார். பின் அச்சு இரண்டு வகையில் வருகிறது. ஒன்றில் இன்ஜின் தண்டு ஐந்து சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். இன்னொன்றில் அதே ஒரு சுற்றுக்குத் தண்டு கிட்டத்தட்ட ஏழு சுற்றுச் சுற்ற வேண்டும். முதலாவது வேகம் போகும். இரண்டாவது மெதுவாகப் போகும், ஆனால் இழுக்கும். எது வேண்டும்?

"இங்க எல்லாம் பிளா, மிசே. மேசை மாதிரி ரோடு. வேகமானதே போதும்" என்றார் குமாஸ்தா, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் மிசே போட்டு.

"சுமையோட நின்ன எடத்திலருந்து கிளம்பணுமே?" என்றேன்.

"பிரேக் நல்லாப் புடிக்கும், மிசே. பயப்படாதீங்க."

நான் கிளம்புவதைப் பற்றிக் கேட்டேன். அவர் நிற்பதைப் பற்றிப் பதில் சொன்னார். மச்சான் சிரித்தார். "இன்னா மாப்ள, இங்க மல எங்க இருக்குது? நீங்க தூக்கத்துலயும் மலதான் ஏர்றீங்க. சரி, மோட்டாரு தெரிஞ்சவரு நீங்கதான். யோசிச்சு ஒரு வார்த்த சொல்லுங்க, அதையே எழுதிடலாம்."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. அச்சு தப்பாக வந்துவிட்டால் மாற்று அச்சு கப்பலில் வந்து சேர்வதற்குள் மல்லாட்டைப் பருவமே போய்விடும். மச்சான் பாதி வண்டி மாடுகளை விற்றுத்தான் மோட்டார் வாங்குகிறார்.

"தப்பாப் போச்சுன்னா இன்னா பண்றது?" என்று ஆரோக்கியம் கேட்டாள்.

"ஹட்டனுக்கே போயிடலாம்."

"அங்க யாரு இருக்காங்க நமக்கு?"

நாங்கள் இருந்த தோட்டத்து லயத்துக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது.

மறுநாள் பாகூரிலிருந்து வரும் மச்சானுடைய மாட்டு வண்டி ஒன்றில் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து வந்தேன். குமாஸ்தா சொன்னது நிஜம்தான்; வழியில் ஒரு மேடுகூட இல்லை. ஆனால் நண்பர்களே, புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. பிரெஞ்சுக்காரர் நிலமும் ஆங்கிலேயர் நிலமும் விட்டுவிட்டுக் கிடக்கின்றன. ஒரே சாலையில் இந்த ஆட்சியிலிருந்து அந்த ஆட்சிக்குப் போய்த் திரும்பவும் இந்த ஆட்சிக்கு வரவேண்டும். ஒவ்வோர் எல்லையிலும் சுங்கச் சாவடி, குறுக்கே ஒரு மரக்கட்டை. வண்டி நிற்கும், மூட்டையைக் குத்திப் பார்ப்பார்கள், பிறகு விடுவார்கள். ஒரு சாவடியில் நான் சிலோன் என்று சொல்லப்போக, தேயிலை கடத்துகிறேன் என்று என் மடியையே தடவிப் பார்த்துவிட்டார்கள். சாவடிகளின் வாசலில் வண்டிகள் நின்று நின்று தரை புழுதி மணலாகிக் கிடந்தது. அந்த மணலில் நின்ற வண்டியைத் திரும்பக் கிளப்ப, மாடுகள் முட்டிபோடாத குறை. வண்டிக்காரர்கள் இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார்கள். கிளம்பிவிட்டால் பிறகு ஒரு சிரமமும் இல்லை, அடுத்த சாவடிவரை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மலை இல்லாத ஊர் என்றார்களே, இதோ வரிசையாக இருக்கின்றனவே! நம் ஊரில் கடவுள் போட்ட மேடு. இங்கே சர்க்கார் போட்ட மேடு. வேகமான அச்சை வாங்கினால், பாரத்தோடு ஒவ்வொரு சாவடியிலும் கிளப்பிக் கிளப்பியே கிளச்சு கருகிப் போகும். கியர் பெட்டியில் முதல் கியர் இருக்கிறதே என்பார்கள். எந்தக் கியரைப் போட்டாலும், கடைசியில் பின் அச்சின் பற்களைத் தாண்டித்தானே சக்கரத்துக்குப் போகவேண்டும்? மெதுவான அச்சையே எழுதச் சொன்னேன். மச்சான் முகம் சுருங்கியது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

வண்டி வந்தது. காலியாக ஓட்டிப் பார்த்த வாரம் முழுக்க எனக்கு நரகம். இன்ஜின் ஊரைக் கூட்டும், வண்டி நகராது. சைக்கிளில் போன தபால்காரர் மணியடித்து எங்களை முந்திப் போனார். மச்சான் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு மூட்டை ஏறியது. முதல் நடைக்கு மச்சான் என் பக்கத்தில் உட்காரவில்லை. இழுவண்டியில் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டார். புகை வருகிறதா என்று பார்க்கத்தான், எனக்குத் தெரியாதா? முதல் சாவடியில் நின்றோம். கிளச்சிலிருந்து காலை மெல்ல எடுத்தேன். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு நாற்றம் இல்லை. மணலை அழுத்திக்கொண்டு வண்டி நடந்தது. அடுத்ததிலும் அப்படியே. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை மாதமும் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்ததை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மாதா கோயிலுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

ஊருக்குள் நுழையும் கடைசிச் சாவடியில் சிப்பாய்க்குக் கொஞ்சம் அவசரம். கமியோனெத் தாண்டியதும், இழுவண்டி தாண்டுவதற்குள், நடுவில் இருந்த இடைவெளியில் மரக்கட்டையை இறக்கிவிட்டார். நான் பிரெஞ்சு மண்ணில். சுமையும் மச்சானும் ஆங்கிலேய மண்ணில்.

"யாருய்யா ஓட்டறது? எந்த ஊரு?" என்று சிப்பாய் மூட்டைமேல் இருந்தவரைக் கேட்டார்.

"எங்க வூட்டு மாப்ளதாங்க. முத்தியால்பேட்ட" என்றார் மச்சான்.

சிலோன் என்ற பேச்சே இல்லை. இந்த வார்த்தைக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! கண் நிறைந்துவிட்டது. அதே நொடியில், என் ஊரை எவரோ என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது போலவும் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சுங்கக் கட்டை கொக்கிக்கு நேர் மேலே நின்றது. அதற்கு அந்தப் பக்கம், சாவடிக் கூரையில் பறந்தது ஹட்டன் தபாலாபீசில் நான் பார்த்து வளர்ந்த அதே ஆங்கிலேயக் கொடி. சிப்பாய் கட்டையைத் தூக்கி, போகச் சொல்லிக் கை காட்டினார். நான் உடனே கிளப்பவில்லை.

"இன்னா மாப்ள, இழுக்கலியா?" என்றார் மச்சான் அந்தப் பக்கத்திலிருந்து.

"இழுக்குது மச்சான்" என்று காலை எடுத்தேன்.