வசனமில்லாத படத்துக்கு வசனப் பயிற்சி

எனக்கு நெல்லைத் தமிழ் சரளமாக வரும் என்பதைச் செம்பூரில் நான் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆபீஸில் யாரும் ஒரு தகுதியாக நினைத்ததில்லை. நினைத்தவர் ஒரு சினிமா டைரக்டர்தான். தாராவியில் நடக்கும் காதல் படம் எடுக்கிறாராம்; சிரிப்பும் உண்டாம், ஆனால் வழக்கமான படம் இல்லையாம். டில்லிக்காரக் கதாநாயகிக்கு எங்கள் வீட்டுத் தமிழைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் தாராவி வீட்டுக்கு வந்து படித்தாள். கெட்டிக்காரப் பெண். என் அம்மாவே அசந்துபோகும் அளவுக்குப் பேச ஆரம்பித்த சமயத்தில் டைரக்டருக்கு ஞானம் பிறந்தது. காதலுக்குப் பேச்சு அனாவசியம் என்று வசனம் முழுவதையும் வெட்டிவிட்டார். ஷூட்டிங்கில் காதலர்கள் இருவரும் குழாயடியில் ஒரு தண்ணீர் டிரம்மின் இரு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குடத்தோடு வந்த பெண்கள், இவர்கள் எப்போது இடத்தை விடுவார்கள் என்று என்னைக் கேட்டார்கள். கலை முடிந்ததும் விடுவார்கள் என்றேன்.

புனேக்காரக் கதாநாயகன் தினமும் தாமதமாக வருவான். ஒரு மத்தியானம் கதாநாயகியின் பொறுமை போயிற்று. கற்ற தமிழ் வீணாகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, நிதானமாக அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏல, நான் வெயில்ல கருவாடா காயுதேன். நீ சீவிச் சிங்காரிச்சுட்டு இப்பதான் வாறியாக்கும்? இன்னொரு நாளு இப்படி வந்தே, செருப்பு பிஞ்சிரும், பாத்துக்க."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் தெரியாத டைரக்டர் கண் கலங்கி, இதுதான் காதல் என்றார். அர்த்தம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

கதாநாயகனுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டான். ஒரு சொல் விடாமல் ஹிந்தியில் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மறுநாள் அவளுக்கு முன்பே வந்து, கையில் குடையோடு நின்றான்.

படத்தை மாட்டுங்காவில் ஒரு சின்ன அரங்கில் போட்டார்கள். அம்மாவையும் அழைத்துப் போனேன். அவள் அவனைத் திட்டும் இடத்தில் 'உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. அரங்கமே பெருமூச்சு விட்டது. அம்மா மட்டும் சத்தமாகச் சிரிக்க, பண்பாடு தெரிந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள்.

வெளியே வந்ததும் டைரக்டர் அம்மாவின் கருத்தைக் கேட்டார்.

"நல்லாத்தான் ஏசியிருக்கா. கல்யாணம் ஆயிட்டா அந்தப் புள்ளைக்கு?" என்றாள் அம்மா.

படம் மனதைத் தொட்டதாகச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். அவர் கைகூப்பினார்.

கல்யாணம் அடுத்த வருஷம் ஆயிற்று, அதே புனேக்காரனோடு. இப்போது தாணேயில் இருக்கிறார்கள். அவ்வப்போது போன் செய்து, புதிதாக ஏதாவது வசவு இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்கிறாள்.