போப்பாண்டவர் விலகிய வாரம்

போப்பாண்டவர் பதவி விலகப் போகிறார் என்ற செய்தி வந்த வாரத்தில், எங்கள் ஊரில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. வரதராசன்பேட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக் காட்டை ஒட்டிய ஊர் அது. பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஏறக்குறைய அறுநூறு வருடமாக எந்தப் போப்பாண்டவரும் உயிரோடு இறங்கியதில்லை என்று பேப்பரில் போட்டிருந்ததை, வாத்தியாரான அப்பா தெருவில் நின்று படித்துக் காட்டினார். எண்பத்தைந்து வயது, உடம்பு முடியவில்லை, பாவம், ஓய்வெடுக்கட்டும் என்றார்கள். டீக்கடைக்காரர் இந்து, முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர். போப்பாண்டவருக்குப் பென்ஷன் உண்டா, இனிமேல் யார் சமைத்துப் போடுவார்கள் என்பது அவருடைய கவலை. தானாக நாற்காலியை விட்டு எழுந்தவர் என்பதால் பஞ்சாயத்துத் தலைவரோடு அவரை ஒப்பிட்டும் பேசினார்கள், தலைவர் காதுக்கு எட்டாத தூரத்தில்.

அந்தச் சனிக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பங்குச் சாமியாராக இருந்தார். எனக்குச் சாமி மாமா, மற்றவர்களுக்குச் சாமி. அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அம்மா. ஆனால் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்த நாளிலிருந்து, "ஸ்தோத்திரம் சாமி, வாங்க" என்றுதான் அவளும் சொல்லுவாள்.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் சாமியார்களுக்கு வேலை அதிகம். அப்படியிருக்க, முன்கூட்டிச் சொல்லாமல் அவர் பைக்கில் வந்து இறங்கியது ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தவக்காலம் என்பதால் மாமா வந்தும் கறி கிடையாது, கத்தரிக்காய்க் குழம்புதான் என்ற வருத்தம் எனக்கு.

சாப்பிடும்போது அப்பா மறுபடி போப்பாண்டவர் பேச்சை எடுத்தார். இறங்குவதற்கும் ஒரு தைரியம் வேண்டும் என்றார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"வயசானவருன்னு எல்லாரும் விட்டுட்டீங்க மச்சான். நாப்பது வயசுக்காரர் ஒருத்தர், எனக்கு முடியலன்னு எறங்குனா?"

அப்பா சிரித்தார். "நாப்பது வயசுல என்னங்க சாமி முடியாமப் போவுது? பொம்பள விவகாரமா இருக்கும். இல்லன்னா கோயில் பணத்துல கைய வச்சிருப்பான்."

அப்பா சிரித்ததால் நானும் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அம்மா மட்டும் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து அப்பா படுத்தவுடன் அம்மா என்னிடம் காசைக் கொடுத்து, மாமாவுக்குக் கலர் வாங்கிவரச் சொன்னாள். வாங்கி வந்தேன். அதில் போட ஐஸ் வேண்டும் என்று திரும்ப அனுப்பினாள். எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் ஐஸ் விற்றதில்லை. அது அவளுக்குத் தெரியாதா என்று எரிச்சலோடு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். கொல்லையில் துணி துவைக்கும் கல்லில் மாமா உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, துடைக்காமல் இருந்தார். அம்மா அவர் காலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். கலரை நானே குடித்தேன்.

சாமியார் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லோரும் முழங்காலில் நின்று ஆசீர்வாதம் வாங்குவது வழக்கம். தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்த அப்பாவும் நானும் முழங்காலிட்டோம். மாமா எங்கள் தலைக்கு மேல் சிலுவை வரைந்தார். அப்பா திரும்பவும் படுக்கப் போனார். அம்மா முழங்காலிடவே இல்லை. மாமா வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கிட்டே போய், கட்டைவிரலால் அவர் நெற்றியில் சிலுவை போட்டாள். தினமும் காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது எனக்குப் போடுவாளே, அதே மாதிரி.

"பாத்துப் போடா. எதுவா இருந்தாலும் நேரா நம்ம வூட்டுக்கு வந்துடு."

மாமா தலையை ஆட்டினார். வண்டி முந்திரித் தோப்பைத் தாண்டியது. சாமியாரை 'டா' போட்டுப் பேசியதும், சாமியாருக்கே சிலுவை போட்டதும் பாவக் கணக்கில் எதில் சேரும் என்று தெரியவில்லை. அம்மாவையே கேட்டேன்.

"நெத்தி சுட்டுச்சு. காச்சலான்னு தொட்டுப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாமி மாமாவுக்குக் காய்ச்சல் என்று நான் பக்கத்து வீட்டில் சொன்னேன். டெங்குப் பயம் இருந்த சமயம் அது. சாயங்காலத்துக்குள் தெருவே அதை டெங்கு ஆக்கிவிட்டது. ஒருவர் நிலவேம்புப் பொடி கொண்டுவந்து கொடுத்தார். கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் வந்து விசாரித்தார். அம்மா எல்லோரிடமும் 'ஆமாங்க, ஆமாங்க' என்றாள்.

அடுத்த வருடம் மாமா குருத்துவத்தை விட்டு வெளியே வந்தார். பெண் விவகாரமும் இல்லை, பண விவகாரமும் இல்லை. பீடத்தில் நின்று தான் சொல்வது எதுவும் தனக்கே பிடிபடவில்லை என்று அன்று கொல்லையில் அம்மாவிடம் சொன்னாராம். இது எனக்குத் தெரியவந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். மாமா விலகியபோது அவருக்கு யார் சமைத்துப் போடுவார்கள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அப்பா ஒன்றரை வருடம் அவரோடு பேசவில்லை. மாமா முதல் ஆறு மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த நாள், எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்ச்சல் ஒன்றுதான். ஞாயிறு பூசையில் உபதேசியார் மன்றாட்டு வாசித்தார். முதலில், பதவி விலகும் போப்பாண்டவருக்கு அமைதியான ஓய்வு கிடைக்க வேண்டும் என்றார். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கோயில் முழுவதும் பதில் சொன்னது. அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. அடுத்து, நம் ஊர் பெற்ற குருவானவர் காய்ச்சல் நீங்கி எழுந்து, தான் ஏற்ற பணியில் சாகும்வரை நிலைத்திருக்க வேண்டும் என்றார். கோயில் முன்னைவிட உரக்கப் பதில் சொன்னது. அம்மா வாய் திறக்கவில்லை. கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று முழங்கையால் இடித்தேன். அப்போதும் அவள் நேராகப் பார்த்தபடி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

மாமாவுக்கு ஒரு குரல் குறையக் கூடாதே என்று, அவளுக்கும் சேர்த்து நான் இரண்டு தடவை சொன்னேன்.